எல்கின் சாலையிலிருந்து லம்பா லைன் வரை

ஒரு நாட்டின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதன்று. கல்வெட்டும் செப்பேடும் பேசுவதுபோலவே, கோட்டைச் சுவரும் சிறைக் கதவும் பேசுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இவ்வரிசையில் புதிதாக வந்து சேர்ந்த சாட்சி ஒன்று உண்டு. அது மோட்டார் வண்டி. கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். இரும்போ, கவனிப்பாரற்றுக் கிடந்தால், ஒரு தலைமுறைக்குள் துருவாகி உதிர்ந்துவிடும். ஆகவே இரும்பாலான சாட்சியைக் காப்பதற்குத் தனி முயற்சி வேண்டும்; அம்முயற்சிக்குத் தனி அறமும் வேண்டும்.

அந்த அறம் யாது என்பதை, நம் நாட்டு விடுதலை வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் ஒரு பழைய வண்டியைக் கொண்டு இங்கு ஆராய்வோம். கொல்கத்தாவில் புறப்பட்ட அவ்வண்டியின் கதை, தாயகத்துக்கு வெளியே வாழும் தமிழராகிய நமக்கு, அதிலும் அந்தமானில் வாழ்வோர்க்கு, அயலார் கதையன்று. அவ்வண்டி தொடங்கி வைத்த பயணம் வந்து இறங்கிய இடங்களுள் ஒன்று, இன்று லம்பா லைனை ஒட்டி நீண்டு கிடக்கும் விமான ஓடுதளமே ஆகும்.

ராலி என்னும் நெடும்பயணம்

மோட்டார்ப் போட்டிகளுள் ‘ராலி’ என்பது ஒரு வகை. வட்டத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடி, முந்தியவர் யார் என்று காண்பது பந்தயம். ராலி அத்தன்மையதன்று. பொதுச் சாலைகளில், ஊர் விட்டு ஊராகவும் நாடு விட்டு நாடாகவும், இரவும் பகலும் ஓடிக் குறித்த நேரத்தில் குறித்த இடத்தை அடைவதே அதன் இலக்கணம். அங்கே வேகம் மட்டும் வெல்வதில்லை. வண்டியின் உறுதியும், ஓட்டுநரின் பொறுமையும், வழியறிவும் சேர்ந்தே வெல்கின்றன. 1968 ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து சிட்னிக்கு நடந்த நெடும்போட்டியில் 98 வண்டிகள் புறப்பட்டன. அவற்றுள் 72 வண்டிகளே டில்லி வழியாகப் பம்பாய் வந்து கப்பலேறின என்பதிலிருந்து, இவ்வகை ஓட்டம் வண்டிகளை எவ்வளவு தேய்த்துவிடும் என்பதை உணரலாம்.

இவ்வகைப் பயணங்களுக்கெல்லாம் மூத்ததாகக் கருதப்படுவது, 1907 ஆம் ஆண்டில் பீகிங் நகரிலிருந்து பாரிஸுக்கு நடந்த ஓட்டம். ஐந்து வண்டிகள் ஜூன் 10 அன்று புறப்பட்டன. இத்தாலிய இளவரசர் சிப்பியோனே போர்கேசேயின் ‘இட்டாலா’ வண்டி ஆகஸ்டு 10 அன்று பாரிஸை முதலில் அடைந்தது. வழியில் ருஷ்ய நாட்டில் அதன் மரச்சக்கரங்களுள் ஒன்று சிதைந்தது. பட்டறையோ உதிரி உறுப்போ கிடைக்காத அவ்விடத்தில், நாட்டுப்புறத் தச்சர் ஒருவர் புதிய சக்கரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் துணையால் வண்டி மேலே சென்றது. நாம் கருதத்தக்கது இதுவே: அத்தச்சர் செய்த சக்கரம் தொழிற்சாலையில் பிறந்ததன்று, ஆயினும் வண்டியின் வரலாற்றில் தொழிற்சாலைச் சக்கரங்களைக் காட்டிலும் அதற்கே சிறப்பு மிகுதி.

அந்த இட்டாலா வண்டி இன்று தூரின் நகரத்து மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. பிற்காலத்தில் கப்பலில் ஏற்றும்பொழுது அது ஜெனோவாத் துறைமுக நீரில் விழுந்தது என்றும், மேலெடுத்தபின் துருப்பிடிக்காதிருக்கும் பொருட்டுப் போர்க்கப்பல்களுக்குரிய சாம்பல் நிற வண்ணத்தைப் பூசினர் என்றும் கூறுவர். முதலில் அதன் நிறம் சிவப்பு. அவ்வாறாயின் அவ்வண்டியின் உண்மை நிறம் எது? பாரிஸுக்குள் நுழைந்தபோதிருந்த சிவப்பா, கடல்நீரிலிருந்து காத்த சாம்பலா? பழைய வண்டி ஒன்றைப் புதுப்பிக்கப் புகும் எவரும் இவ்வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும்.

வழிப்போக்கன் என்னும் வண்டி

ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்றொரு தொழில் நகரம் உண்டு. 1885 ஆம் ஆண்டில் அங்கே இருவர் சேர்ந்து சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினர். கடை வளர்ந்து தொழிற்சாலையாயிற்று. சைக்கிளும், தட்டச்சுப் பொறியும், பின்னர் மோட்டார் வண்டியும் அங்கிருந்து வெளிவந்தன. அவர்கள் தம் பொருள்களுக்கு இட்ட பெயர் ‘வாண்டரர்’. வழிநடைப் பயணி என்பது அதன் பொருள். 1932 ஆம் ஆண்டில் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ஹ், வாண்டரர் ஆகிய நான்கும் ‘ஆட்டோ யூனியன்’ என்னும் ஒரே நிறுவனமாக இணைந்தன. இன்று ஆடி வண்டிகளின் முகப்பில் நாம் காணும் நான்கு வளையங்கள் அந்நால்வரின் கூட்டையே குறிக்கின்றன.

அக்கூட்டு நிறுவனம் 1937 முதல் 1940 வரை செய்த வண்டிகளுள் ஒன்று ‘வாண்டரர் டபிள்யூ 24’. நான்கு சிலிண்டர், 1,767 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, 42 குதிரைத் திறன், ஓட்டினால் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இது செல்வர்களின் அலங்கார வண்டியுமன்று, பந்தய வண்டியுமன்று. நடுத்தரக் குடும்பத்தார் ஏறிச் செல்லும் அடக்கமான வண்டி. ஆயினும் வாண்டரர் இனத்துக்கு ராலியின் மணம் அறவே இல்லையென்று கூறிவிட முடியாது. 1938, 1939 ஆண்டுகளில் நடந்த லியேழ்–ரோம்–லியேழ் நெடும்போட்டியில், அதே பெயர் தாங்கிய சிறப்பு வண்டிகள் ஓடின.

போட்டிக்கென்று கட்டிய அவ்வண்டிகளைக் காட்டிலும், குடும்ப வண்டியாகப் பிறந்த ஒரு டபிள்யூ 24 ஓடிய ஓர் இரவு ஓட்டமே நம் நாட்டு வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது. அதன் பதிவெண் பி.எல்.ஏ. 7169. அது கல்கத்தாவில் போஸ் குடும்பத்தாரின் வண்டி.

ஜனவரி மாதத்து ஓர் இரவு

1940 ஆம் ஆண்டு ஜூலையில் சிறைப்பட்ட சுபாஷ் சந்திர போஸ், நவம்பர் இறுதியில் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அவர் உடல்நிலை கெட்டுவிடும் என அஞ்சிய அரசு, டிசம்பர் 5 அன்று அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஆயினும் எல்கின் சாலையிலிருந்த அவ்வீட்டைச் சுற்றி ஒற்றர்கள் காவலிருந்தனர். வீடும் ஒரு சிறையே. வேறுபாடு சுவரில் இல்லை, காவலரின் உடையில் மட்டுமே இருந்தது.

அங்கிருந்து தப்புவதற்கு அவர் துணையாகத் தேர்ந்தவர், அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸ். அப்பொழுது அவர் இருபது வயது மருத்துவ மாணவர். குடும்பத்தில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று ஸ்டூடிபேக்கர், ஆற்றல் மிக்கது, ஆனால் ஊரறிந்தது. மற்றொன்று இந்த வாண்டரர்; சிறியது, கண்ணில் படாதது. கண்ணில் படாமையே வேண்டிய குணமாயிற்று. டிசம்பரில் சிசிர் குமார் பர்த்துவான் வரை வாண்டரரை ஓட்டிச் சென்று, மீண்டும் வந்து, அதன் உறுதியைச் சோதித்துக்கொண்டார். ராலி ஓட்டுநர் போட்டிக்கு முன் வழியையும் வண்டியையும் சோதிப்பது போன்றதே இது. தோற்றால் இழப்பது பரிசு அன்று என்பது ஒன்றே வேற்றுமை.

1941 ஜனவரி 16 ஆம் நாள் இரவு கழிந்து, 17 பிறந்து ஒன்றரை மணி ஆகிய பொழுதில், ஆயுள் காப்பீட்டு நிறுவன அலுவலர் முகம்மது ஜியாவுதீன் என்னும் பெயரோடு, நீண்ட அங்கியும் கறுப்புக் குல்லாயும் அணிந்து, சுபாஷ் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்தார். வண்டியின் கதவுகள் சாத்தப்படும் ஓசை இரண்டு முறை கேட்டால், வண்டியில் இருவர் உள்ளனர் என்று கேட்போர் அறிந்துவிடுவர். ஆகவே அவர் தம் பக்கத்துக் கதவை ஓசைபடச் சாத்தாமல் கையால் பிடித்துக்கொள்ள, ஓட்டுநரின் கதவு மட்டும் ஓசையுடன் மூடியது. ஒரு வண்டிக் கதவு வரலாற்றில் பங்கு கொண்ட இடம் இது.

வண்டி நகரைக் கடந்து, ஹூக்ளி ஆற்றின் பழைய மிதவைப் பாலத்தின் வழியே ஹௌரா சேர்ந்தது. இன்றுள்ள இரும்புப் பாலம் 1943 இல்தான் திறக்கப்பட்டது. பின்னர் கிராண்டு டிரங்கு சாலை; பர்த்துவான்; ஆசன்சோல்; காலையில் தன்பாத்தை அடுத்த பராரி. 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழியை ஓர் இளைஞர் தனியொருவராக இரவு முழுதும் ஓட்டி முடித்தார். பராரியில் சிசிரின் தமையனார் அசோக் இருந்தார். அவ்வீட்டுப் பணியாளர் அறியாவண்ணம், விருந்தினர் யாரோ ஓர் அயலார் என்ற பாவனையில் அன்றைய பகல் கழிந்தது. இரவில் அதே வண்டி கோமோ நிலையத்தை அடைய, அங்கே சுபாஷ் டில்லி நோக்கிச் செல்லும் கால்கா மெயிலில் ஏறினார். அவர் வீட்டில் இல்லை என்னும் செய்தி வெளிவரப் பத்து நாள் ஆயிற்று.

கோமோவில் வாண்டரரின் பங்கு முடிந்தது. பயணம் முடியவில்லை. பெஷாவர், காபூல், மாஸ்கோ வழியாக ஏப்ரலில் பெர்லின், 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பல், மே மாதத்தில் டோக்கியோ, ஜூலையில் சிங்கப்பூர். அங்கே மலாய் நாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது நாம் நன்கறிந்த செய்தி. அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அமைந்தது. டிசம்பர் 29 அன்று நேதாஜி போர்ட் பிளேர் விமானத் தளத்தில் வந்து இறங்கினார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவண்ணக் கொடியேற்றினார். எல்கின் சாலையில் ஓசையின்றிப் பிடிக்கப்பட்ட கதவுக்கும், இத்தீவில் ஏற்றப்பட்ட கொடிக்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

வண்டியைத் தந்த குடும்பத்தார் அதற்கு விலை கொடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது. சரத் சந்திர போஸ் 1941 டிசம்பரில் கைதானார். திருச்சிராப்பள்ளியிலும், மடிக்கேரியிலும், குன்னூரிலும் காவலில் வைக்கப்பட்டு, 1945 செப்டம்பரில்தான் விடுதலை பெற்றார். நீலகிரியின் குன்னூரில், தம் ஊரிலிருந்து அவ்வளவு தொலைவில், ஒரு வங்கத் தலைவர் காவலில் இருந்ததற்குப் பின்னே இக்குடும்பத்தின் துணிவு இருந்தது. சிசிர் குமாரும் சிறை புகுந்தார்.

பட்டறையில் நடப்பது

சிசிர் குமார் 1957 ஆம் ஆண்டில் நேதாஜி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். எல்கின் சாலை வீடு நேதாஜி பவனமாயிற்று. வண்டியும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது. நின்றுவிட்ட வண்டிக்கு ஓடுகிற வண்டியைக் காட்டிலும் விரைவில் மூப்பு வரும். அதிலும் கொல்கத்தாவின் ஈரக் காற்று இரும்புக்கு நட்பன்று. 2016 ஆம் ஆண்டளவில் ஆடி நிறுவனத்தாரின் துணையுடன் புதுப்பிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. 1941 இல் அவ்வண்டி இருந்த தோற்றத்தை மீட்பதே நோக்கம். 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அதனை நேதாஜி பவனத்தில் திறந்து வைத்தார். இரவுப் பயணம் நிகழ்ந்து அப்பொழுது 76 ஆண்டுகள் நிறைவெய்தியிருந்தன.

இத்தகைய பணி எவ்வாறு நடைபெறும் என்பதைப் பொதுவாகக் காண்போம். தேர்ந்த மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுப்பதில்லை. புகைப்படக் கருவியை எடுப்பார். வண்டி இருக்கும் நிலையை எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, கழற்றும் ஒவ்வோர் உறுப்புக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி, எது எங்கிருந்தது என்பதை எழுதி வைப்பார். கழற்றுவது ஒரு வாரத்து வேலை. எழுதி வைக்காதவனுக்குப் பூட்டுவது ஓராண்டு வேலை.

அடுத்தது எஞ்சின். பல ஆண்டுகள் ஓடாத எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். முறுக்கித் திருப்ப முயன்றால் உடையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களின் வழியே எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, கையால் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். அசைந்தபின் பிரித்து, சிலிண்டர் தேய்ந்திருப்பின் போர் செய்து, அதற்கேற்ப அளவு கூடிய பிஸ்டன் போடுவர். செய்த தொழிற்சாலையே இன்று இல்லாதபொழுது உதிரி உறுப்பு எங்கே கிடைக்கும்? கெம்னிட்ஸ் தொழிற்சாலையில் போருக்குப் பின் வாண்டரர் கார்கள் செய்யப்படவே இல்லை. ஆகவே கிடைக்காத உறுப்பை லேத் பட்டறையில் கடைந்தெடுத்துக்கொள்ள வேண்டியதாகிறது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் பெயரால் 2015 முதல் நடைபெறும் கார் அருங்காட்சியகத்தைக் கண்டோர், இக்கடைசல் திறம் நம் நாட்டில் எவ்வளவு சிறந்து நிற்கிறது என்பதை அறிவர்.

மூன்றாவது உடல். துருவேறிய தகட்டைத் தட்டிப் பார்த்தே டிங்கர் அதன் உயிரை அறிவார். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் கெட்டது. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, அதே கனமுள்ள புதுத் தகட்டைப் பற்றவைப்பர். உப்புக் காற்றில் வாழும் அந்தமான் மக்களுக்கு இத்துருவைப்பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சைக்கிளும் கூரைத் தகரமும் இங்கே என்ன பாடுபடுகின்றன என்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

இறுதியாக வண்ணம். பழைய வண்டியின் மேல் பல காலத்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மறைவான ஓரிடத்தில் உப்புத்தாளால் சிறு வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் அவ்வண்ணங்கள் வரிசையாக வெளிப்படும். உள்ளே கிடப்பதே முதல் வண்ணம். அதனைக் கண்டறிந்தபின், மேலே உள்ளவற்றை நீக்குவதா, காப்பதா என்னும் வினா எழுகின்றது. பட்டறையின் வேலை இங்கே நின்று, வரலாற்றாசிரியனின் வேலை தொடங்குகிறது.

புதுப்பித்தலின் அறம்

இதில் இருவகைக் கொள்கையினர் உளர். ஒரு சாரார், வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு மின்னியதோ அவ்வாறே மின்னவேண்டும் என்பர். மற்றொரு சாரார், அது வாழ்ந்த வாழ்வின் வடுக்கள் அதன் மேனியில் இருத்தல் வேண்டும்; ஓட்டம் நிற்காமலும் துரு பரவாமலும் காத்தால் போதும் என்பர். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 2012 ஆம் ஆண்டில் ஏற்ற ‘தூரின் சாசனம்’ இரண்டாம் சாராரின் பக்கமே பெரிதும் சாய்கின்றது. இயன்றவரை குறைவாகத் தொடுக. மாற்றியதை எழுதி வைக்க. புதிதாகச் சேர்த்த உறுப்பு புதியது என்று அறியத்தக்கதாய் இருக்க. அதன் சாரம் இவ்வளவே. பழைய கட்டடங்களைக் காப்பதற்கு 1964 இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தின் வழிவந்தது இது.

இக்கருத்து ஐரோப்பியர் கண்டுபிடித்துத் தந்ததென்று நாம் எண்ண வேண்டுவதில்லை. கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடிக் கோயிலின் வரலாற்றைக் காண்க. அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கல்லால் எடுக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபொழுது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளை முன்னதாகப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தனர். திருப்பணி முடிந்தபின், அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இவை படியெடுத்து வெட்டியவை என்னும் செய்தியும் உடன் பொறிக்கப்பட்டது. கலைப்பதற்கு முன் எழுதி வை; புதியதைப் புதியது என்று சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் கைக்கொண்ட நெறி அது. அதனைப் பிற்காலத்தில் நாமே மறந்ததும் உண்டு. சுவரைத் துலக்குவதாக எண்ணி மணலைப் பீய்ச்சி, கல்லின் எழுத்துகளையே தேய்த்துவிட்ட கோயில்கள் இல்லாமலில்லை.

இந்நெறியைக் கொண்டு வாண்டரரை நோக்கினால் ஒன்று புலனாகும். 1941 இன் தோற்றத்தை மீட்டது பொருத்தமே. அவ்வோர் இரவின் பொருட்டே அவ்வண்டியை நாடு போற்றுகின்றது. 1937 இல் கடைக்கு வந்த வாண்டரர் உலகில் வேறு பல உண்டு. அந்த இரவில் ஓடியது ஒன்றே. ஆயினும் மின்னும் வண்டியைக் கண்டு திரும்பும் இளைஞர் ஒருவர், அப்பயணம் எளிதாக நிகழ்ந்ததென்று எண்ணிவிடலாகாது. அழகு கண்ணை நிறைக்கும்பொழுது அச்சம் மறைந்துபோவது இயல்பு. மிதவைப் பாலத்தில் நெஞ்சு துடித்ததையும், உறக்கமின்றி ஓட்டியதையும், பின்னர் நேர்ந்த சிறைவாசத்தையும் எந்தப் பெயிண்டும் காட்டாது. அவற்றைச் சொல்லும் கடமை வண்டிக்கு அருகே நிற்கும் மனிதருக்கே உரியது.

லம்பா லைன் நமக்குக் கூறுவது

இப்பொழுது நம் தீவுக்கு வருவோம். போர்ட் பிளேர் நகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் கொண்டுள்ளது. ராஸ் தீவு 2018 முதல் நேதாஜியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நீல், ஹேவ்லாக் தீவுகள் ஷஹீத், சுவராஜ் என்று பெயர் பெற்றன. அப்பெயர்களும், பழைய வண்டியின் வண்ணம் போன்றே, புதுப்பித்தலின் ஒரு பகுதி. ஆனால் அவற்றின் அடியில் என்ன இருக்கிறது என்பதைக் காண்பதே அறிவுடைமை.

1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் ஜப்பானியர் வசமிருந்தன. விமான ஓடுதளம் அமைக்க ஊர்மக்கள் கட்டாய வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அந்த நிலமே பின்னர் விரிந்து, இன்று லம்பா லைன் மக்கள் நாள்தோறும் ஓசை கேட்கும் விமான நிலையமாயிற்று. 2023 இல் திறந்த புதிய நிலையக் கட்டடத்தின் பளபளப்பில், முதலில் அங்கே மண் சுமந்த கைகள் நம் நினைவுக்கு வருவதில்லை. நேதாஜி வந்து இறங்கியது அக்கைகள் அமைத்த நிலத்தில்தான்.

1943 டிசம்பர் 30 அன்று கொடி ஏறியது; அது நமக்குப் பெருமை. அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர் ஒற்றர் என்னும் ஐயத்தின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஜனவரியில், மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் சிறைக் கொடுமையால் உயிர்நீத்தார். தற்காலிக அரசின் சார்பில் தலைமை ஆணையராக வந்த தமிழர், ஆற்காடு துரைசாமி லோகநாதன். கொடி இந்தியருடையதாயினும் அதிகாரம் ஜப்பானியர் கையிலேயே இருந்தது. கல்வித்துறை ஒன்று தவிர வேறு எதையும் அவரால் பெற இயலவில்லை. இவையனைத்தும் ஒரே வரலாறு. பெருமையை மட்டும் மெருகேற்றி, துயரத்தின் குழிகளை நிரப்பித் தேய்த்துவிட்டால், அது பழுதுபார்த்தல் ஆகாது, மறைத்தல் ஆகும்.

செல்லுலார் சிறையை நோக்குக. ஏழு சிறகுகளாக எழுந்த கட்டடத்தில் இன்று நிற்பவை மூன்றே. 1979 பிப்ரவரி 11 அன்று அது தேசிய நினைவகமாயிற்று. இல்லாத நான்கு சிறகுகளை எவரும் போலியாகக் கட்டி நிறுத்தவில்லை. இல்லாமையும் அங்கே பேசுகின்றது. கார்பின்ஸ் கோவ் கடற்கரை வழியில் கிடக்கும் ஜப்பானியப் பதுங்குகுழிகளும் அவ்வாறே, பூச்சு இன்றி நின்று தம் கதையைச் சொல்கின்றன.

நேதாஜியின் வண்டியைக் காக்கப் பெரிய நிறுவனமும் ஆராய்ச்சி நிலையமும் முன்வந்தன. நம் இல்லங்களில் கிடக்கும் சிறு சாட்சிகளைக் காப்பதற்கு நாமே முன்வரவேண்டும். இத்தீவுக்குப் பாட்டனார் கொண்டு வந்த தகரப் பெட்டி, கப்பல் சீட்டு, துறைமுகத்தில் வேலை செய்தவரின் அடையாள வில்லை, கடையில் இருந்த பழைய தராசு, ஓட்டி ஓய்ந்த முதல் லாரியின் எண் பலகை ஆகியன பழைய இரும்புக் கடைக்குச் செல்லுமுன் ஒருமுறை சிந்திப்போமாக. டில்லியிலும், பம்பாயிலும், கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். புலம்பெயர்ந்தோரின் வரலாறு அரசாங்க ஆவணங்களில் ஒரு வரியாகவும், அவர்தம் பொருள்களில் ஒரு நூலாகவும் இருப்பதுண்டு.

துருவைத் துடைத்து, எண்ணெயிட்டு, ஓர் உலர்ந்த இடத்தில் வைத்தல் முதற்படி. அது யாருடையது, எந்த ஆண்டில், எந்தக் கப்பலில், எதன் பொருட்டு வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வைத்தல் இரண்டாம் படி. உடைந்த கைப்பிடிக்குப் புதியது போட்டிருந்தால், போட்ட ஆண்டையும் எழுதி வைத்தல் மூன்றாம் படி. இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். அவ்வளவு செய்தால், நாளை லம்பா லைனில் வளரும் பிள்ளை ஒருவர் அத்தகரப் பெட்டியைத் திறக்கும்பொழுது, உள்ளே துரு மட்டும் இருக்காது. தாம் எங்கிருந்து வந்தோம் என்பதற்கு விடையும் இருக்கும்.